இரண்டாவது கவாத்து

என் பிரியமுள்ள அய்யாவுக்கு,

ராயப்பன்பட்டியில் நேற்று ஒரு பூட்டைத் திறக்க வைத்துவிட்டேன். இந்தச் சேதியை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

முதலில் என் வண்டவாளத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர்த் தோட்டத்தைத் தம்பிக்கும் எனக்கும் பிரித்துக் கொடுத்த வருஷம், என் பங்குத் திராட்சைக்கு நீங்களே பழைய கிளைகளை வெட்டிக் கவாத்துப் பண்ணினீர்கள். கொடி துளிர்த்துப் பூவும் எடுத்த பிறகு, ஒரு காலையில் கத்தரியோடு போய் எல்லாவற்றையும் மறுபடி வெட்டிவிட்டீர்கள். பந்தல் முழுக்க மொட்டை. தம்பி பங்கில் ஓர் இலைகூட விழவில்லை.

"வேணும்னுதான செஞ்சீக? அவன் மட்டும் நல்லா இருக்கணுமாக்கும்!" என்று ஊர் கேட்கக் கத்தினேன்.

"கவாத்துப் பண்ணாம கெடந்துச்சுப்பா" என்றீர்கள்.

தோட்டத்துக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்று விரட்டிவிட்டேன். பிறகு ஒருநாள் என்னையே பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்று மரியாதையாக விசாரித்தீர்கள். அன்றுதான் மதுரைக்கு ஓடினோம். அல்சைமர் என்றார் டாக்டர். கவாத்துக்கு முன்பே ஆரம்பித்திருக்கும் என்றார். அப்படியென்றால் நான் யாரிடம் கத்தினேன், அய்யா?

நீங்கள் கண்மூடிய பிறகு, இந்த நோயாளிகளின் குடும்பங்களுக்காகத் தேனியில் நடந்த பயிற்சியில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன். ஆத்தாவுக்கு ஒரே சிரிப்பு: "வீட்டுல வாயத் தொறக்காதவனுக்கு மைக்கு கேக்குதாக்கும்!"

ராயப்பன்பட்டியில் பூசை முடிந்து கோயில் வாசலில் கூடிய கூட்டத்தில், ஆரோக்கியம் என்ற திராட்சைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். அவருடைய அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, பக்கத்துத் தோட்டத்தை இரண்டு தடவை மூழ்கடித்துவிட்டாராம். அதனால் பகலெல்லாம் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்.

"நோயாவது ஒண்ணாவது! எங்கள வம்புல மாட்டி விடத்தான் செய்றாக."

என் வாயில் வந்த அதே பேச்சு. பயிற்சியில் படித்ததையெல்லாம் விட்டுவிட்டு, கவாத்துக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். ஆரோக்கியம் எழுந்து போய்விட்டார். தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் வாரம் செல்போனில் கூப்பிட்டார்.

"டாக்டர்ட்ட காட்டிட்டோம்ணே. நீங்க சொன்ன நோய்தான். தொறந்து விட்டா எங்கனயும் போயிருவாகளோன்னு பயமா இருக்கு. வந்து சொல்லிக் குடுங்கண்ணே."

நேற்று நானும் போய் நின்றேன். பூட்டைத் திறந்ததும் பெரியவர் நேரே மோட்டாரிடம் போய் சுவிட்சைப் போட்டார். ஆரோக்கியம் திட்டவில்லை. அப்பாவோடு வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைந்ததும், "போதும்ப்பா, நிப்பாட்டுவமா?" என்று கேட்டார். பெரியவரே எழுந்து போய் மோட்டாரை அணைத்தார்.

ஜெயித்துவிட்டோம் அய்யா! சின்னமனூர் வரைக்கும் வண்டியில் பாடிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிறு மேகமலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போகிறேன். அங்கேயும் நான் செய்த தப்பைத்தான் முதலில் சொல்வேன். உங்களிடம் கேட்க முடியாமல் போன மன்னிப்பை, இந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு பிள்ளையும் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே கேட்கும்படி செய்வேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகன்,
செல்வம்