வந்த சேதி

மார்ச் 4, செவ்வாய். மம்பாங்.

குமாசி சந்தையில் என் துணிக்கடையைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இன்று பக்கத்து வீட்டு ஒபெங் மூச்சிரைக்க ஓடிவந்தான். அம்மாவின் அண்ணன், இந்த வீட்டுக்குப் பெரியவர் சார்ஃபோ மாமா அவனை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகுதான் கேட்டார்: "வந்த சேதி என்ன?"

"உங்க கோழிக்கூண்டு திறந்து கிடக்கு பெரியவரே!"

அதற்குள் பாதிக் கோழி அடுத்த தெருவில். யார் வந்தாலும், எதற்கென்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், நாற்காலி, தண்ணீர், அப்புறம்தான் கேள்வி. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மாமா மாதிரி உடும்புப்பிடியாகப் பிடிப்பவர் யாரும் இல்லை. அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மார்ச் 8, சனி

என் வீட்டுக்காரர் போவாதி வந்தார். வாசலில் நின்றபடியே, "சேர்வா, பையை எடு. வேன் கிளம்பப் போவுது." உட்காரவில்லை. தண்ணீரும் வேண்டாமாம்.

மாமா அசையவில்லை. "தண்ணி குடிக்காதவர் இந்த வீட்டுக்கு இன்னும் வரல மாப்பிள்ளை. உங்க பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க."

"என்ன விஷயம்னு உங்களுக்கே தெரியுமே!"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லலையே."

போய்விட்டார். மாமா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. இவர் திரும்பி வராவிட்டால்? இவருடைய வழக்கமா எனக்குச் சோறு போடும்? ஆனால் நானும் ஏன் பையைத் தொடவில்லை? துணி வாங்க வந்தவர்கள் முன்னால், என் கடையிலேயே, என்னை மலடி என்றவர். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேன் கிளம்பப் போவுதாம்!

மார்ச் 15, சனி

வரவில்லை. அம்மா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் 22, சனி

வந்தார். தன் பெரியப்பாவோடு, மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஒரு புட்டி ஜின்னோடு. நாற்காலி. தண்ணீர். கிளாஸ் காலியாகும்வரை பொறுத்திருந்தார் மாமா. "இங்க எல்லாரும் சுகம். வந்த சேதி?"

பெரியப்பா சுற்றி வளைத்தார். "ஏதோ வாய் தவறி ஒரு வார்த்தை..."

"என்ன வார்த்தை?"

யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் மாமா காத்திருந்தார். முகத்தில் கோபமே இல்லை, அதுதான் அதிசயம். கடைசியில் போவாதி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "மலடின்னு சொன்னேன். தப்பு. அவளுக்கு வலிக்கணும்னுதான் சொன்னேன்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தானாக வந்தது. நான் அழுதுவிட்டேன்.

முடிந்தது என்று அம்மா என் பையை எடுக்கப் போனாள். "உக்காரு" என்றார் மாமா. என் பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா? நீ என்ன சொல்ற?"

என் பதிலும் தெரிந்ததுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். என்னைக் கேட்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் தோன்றியது. மாமா, உங்களைப் போல ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

சொன்னேன்: "எங்க வச்சுச் சொன்னாரோ, அங்க வச்சே தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் வர்றேன்."

பெரியப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய். குமாசி.

சந்தை நிறையக் கூட்டம். பூட்டிய கடை வாசலில் நின்று சொன்னார். எதிர்க்கடைக் கருவாட்டுக்காரி அச்சியா கையைக் காதில் வைத்துக்கொண்டாள். "சத்தமாச் சொல்லுய்யா. அன்னிக்கு நல்லாக் கேட்டுச்சே!"

மறுபடியும் சொன்னார், சத்தமாக. நான் கடையைத் திறந்தேன்.