எங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பட்டன்

மாண்டாவே, செபு, பிலிப்பைன்ஸ்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி நொனொய்க்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். இலோய்லோவில் பெரியம்மா சமைத்துப் போடும்போது உன் சுகத்துக்கு என்ன குறைச்சல்? போனில் என் எண்ணை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? இதோ, தாளில் எழுதி, நாளையே வந்து சேரும் கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மா கருவாடு பொரிக்கும் போதெல்லாம் உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, பிறகு என்னை முறைக்கிறாள். நேற்று மழையில் மாடி அறை ஒழுகியது. உன் கணினியை நகர்த்திவிட்டேன், பயப்படாதே.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று பார்வை மங்கிய பிள்ளைகளின் பள்ளியில் நம் பட்டன் தெரியாமல் போனதற்கு நீ காரணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மடிக்கணினியை இரவல் வாங்கி, பிரவுசரில் எழுத்தைப் பெரிதாக்கும் நம் எக்ஸ்டென்ஷனைப் புதிதாக நிறுவிப் பார்த்தேன். மேலே பட்டனைக் காணோம். பிரவுசர் அதை மேல் மூலையில் இருக்கும் சின்னப் புதிர்த்துண்டுப் படத்துக்குள் ஒளித்து வைத்திருந்தது. அதைத் திறந்து, ஊசிப் படத்தை அழுத்தினால்தான் பட்டன் வெளியே வந்து நிற்கும். நம் இரண்டு கணினிகளிலும் முதல் நாளே அழுத்திவிட்டோம். பத்து வாரமாகக் கண்ணெதிரே இருந்ததால், எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். சோதிக்கும் பொறுப்பு என்னுடையது. நீ அன்று காலை மாற்றிய நிரல் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை.

பட்டனைத் தேடிப் பன்னிரண்டு பிள்ளைகள் திரையில் மூக்கை ஒட்டி உட்கார்ந்திருக்க, கப்ரேரா டீச்சர் முன்னால் நான் சொன்னதை மறக்கவில்லை. "இவன் கை வச்சு எதுதான் உருப்பட்டிருக்கு?" அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீ பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாயே, அதுதான் இன்னும் குத்துகிறது.

நேற்று தனியாகப் பள்ளிக்குப் போனேன். புதிர்த்துண்டைத் திறக்கும் வழியைப் படம் போட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்ட ஜெஸ்ஸமே, ஒன்பது வயது வாயாடி, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அவ்வளவு சின்னப் பட்டன் என் கண்ணுக்குத் தெரிஞ்சா, எழுத்தைப் பெருசாக்க எனக்கு உங்க பட்டனே எதுக்கு?"

முதல் மாதமே நீ இதைத்தான் சொன்னாய். பட்டனோடு விசைப்பலகையிலும் ஒரு வழி வேண்டும் என்றாய். பட்டன் அழகாக இருக்கிறது, அது போதும் என்று நான்தான் சிரித்தேன். நேற்று அங்கேயே உட்கார்ந்து, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து பெரிதாகும்படி எழுதிவிட்டேன். ஜெஸ்ஸமே தடவிப் பார்த்தே அழுத்திவிட்டாள். டீச்சர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார். அதிலும் சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். மறுமுறை அழுத்தினால் சில பக்கங்கள் பழைய நிலைக்குத் திரும்ப மறுக்கின்றன. உன் பகுதி அது. உனக்கு அரைமணி நேர வேலை, எனக்கு மூன்று நாள். செய்து முடித்துவிடுவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நீ எழுதிய நிரலை உன்னைக் கேட்காமல் தொட மனம் வரவில்லை.

வங்கி வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாய் என்று பெரியம்மா சொன்னார். நல்ல வேலைதான். போவதென்றால் தலை நிமிர்ந்து போ, நான் சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு போகாதே. வெள்ளிக்கிழமை அதே வகுப்பில், அதே டீச்சர் முன்னால், தப்பு யாருடையது என்று நான் சொல்லத்தான் போகிறேன். நீ வராவிட்டாலும் சொல்வேன். ஆனால் அதைக் கேட்க நீ அங்கே இருக்க வேண்டும், தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கிருந்து வியாழன் இரவு இங்கே கிளம்பும் படகில் இடம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன்.

உன் அக்கா,
ஃப்ளோரிஸா