முனியாண்டி அண்ணன் சாப்பிடாத வெந்தயப் பொடி

இன்று காலை பிரிக்பீல்ட்ஸில் பூ வாங்கப் போன இடத்தில் வறுத்த வெந்தய வாசம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. பூக்கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு மூலிகைக் கடை புதிதாகத் திறந்திருக்கிறார்கள். வாசலிலேயே மேசை போட்டு, அப்போதுதான் அரைத்த பொடியைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். எதிரே நின்ற ஆன்டியிடம் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

"ஒரு மாசம் சாப்புடுங்க ஆன்டி, இனிப்புநீர் மாத்திரையே வேணாம். ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க லா."

"எந்த ஆராய்ச்சிண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"எல்லாம் இண்டர்நெட்ல இருக்கு."

நான் ஆன்டியிடம் திரும்பி, "பொடி வாங்குங்க ஆன்டி, ஆனா டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்திடாதீங்க" என்றேன். மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவளோ என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். நீ கூட இருந்திருந்தால் அவர் பின்னாலேயே போய், பேச்சுக் கொடுத்து, வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பாய். மாத்திரை டப்பாவையும் எடுத்துக் காட்டச் சொல்லியிருப்பாய்.

அந்த வாசத்தோடுதான் வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில், கிள்ளானில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் பல்கலைக்கழகம் போனேன். நீ டிப்ளமா முடித்து இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். பல வருடம் கழித்து முதுகலை ஆய்வுக்காக இரத்தம் எடுக்க ஆள் தேடியபோது, பட்டியலில் உன் பெயரைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஆய்வு எளிமையானதுதான். சர்க்கரை நோய், அதாவது இனிப்புநீர் உள்ளவர்கள் வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் தினம் ஒரு பொட்டலம் வெந்தயப் பொடி. எல்லோரும் வழக்கமான மாத்திரையைத் தொடர வேண்டும். நடையோடு பொடியும் சேர்ந்தால் சர்க்கரை கூடுதலாக இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். மாதம் ஒருமுறை சனிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பின் மண்டபத்தில் எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்து உட்காருவார்கள். நான் காலிப் பொட்டலங்களை எண்ணி வாங்குவேன், நீ இரத்தம் எடுப்பாய். எடுத்த குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஷா ஆலத்தில் இருந்த பரிசோதனைக் கூடத்துக்குப் பறப்பாய். எத்தனை தடவை கேட்டாலும் என் காரில் வர மாட்டாய். "உன் கார் ஜாம்ல நிக்கும், என் இரத்தம் நிக்காது" என்பாய்.

நீ ஊசி போடும் அழகே தனி. கையில் பட்டையைக் கட்டும்போதே, "நேத்து என்ன சமையல்?" என்று ஆரம்பிப்பாய். அவர்கள் மீனா கோழியா என்று யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் மருமகள் சண்டையிலிருந்து மகனின் வேலை வரைக்கும் எல்லாம் உன் காதுக்கு வந்துவிடும்.

முனியாண்டி அண்ணனை நாம் இருவரும் மறக்க முடியாது. லோரி ஓட்டியவர். சர்க்கரையால் தம்பியின் காலை வெட்டி எடுத்த மறுவாரம் நம் ஆய்வில் வந்து சேர்ந்தார். பொடிக் குழுவில் இருந்தார். மாதம் தவறாமல் காலிப் பொட்டலங்களை மடித்து, ரப்பர் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். அவருடைய சர்க்கரை அளவு இறங்கியது போல வேறு யாருக்கும் இறங்கவில்லை. பேராசிரியர் அவருடைய வரைபடத்தைத் திரையில் போட்டு, "இவருதான் நம்ம ஹீரோ" என்றார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. நம் அம்மாக்கள் சமையலறையில் வைத்திருந்த ஒரு சாமானை நான் ஆதாரத்தோடு நிறுவப் போகிறேன் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் இரத்தம் எடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. பிரிக்பீல்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு, மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாய்.

"முனியாண்டி அண்ணன் ஒரு நாள்கூட பொடி சாப்பிடலடி."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"கசப்பு தாங்கலயாம். அவரு பொண்டாட்டி மீன் குழம்புல போட்டுத் தீர்த்திருக்காங்க. அவரு அந்தக் குழம்பையும் தொடல. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. இனிப்பா குடிச்சிட்டிருந்த தே தாரிக் டீய அடியோட விட்டுட்டாரு. அவ்வளவுதான்."

"இத்தன மாசம் சொல்லல, இப்ப எதுக்குச் சொன்னாரு?"

"அவரு தம்பி பொண்டாட்டிக்கும் சுகர். இவரப் பார்த்துட்டு, மாத்திரைய விட்டுட்டு இந்தப் பொடிய சாப்பிடப் போறாங்களாம். பயந்துட்டாரு. ஊசி குத்தும்போது முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுச் சொன்னாரு."

எனக்கு அந்தத் தம்பி மனைவியைப் பற்றி நினைக்கத் தோன்றவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்தான் இருந்தது, உதவித்தொகையும் அதோடு முடிகிறது. அதைத்தான் நினைத்தேன்.

"ஒருத்தர்தானே. அவர மட்டும் எடுத்துட்டா போச்சு."

"ஒருத்தரு சொன்னாரு. சொல்லாதவங்க எத்தன பேருன்னு உனக்குத் தெரியுமா? எல்லார் வீட்டுக்கும் போய்க் கேக்கணும்."

"உனக்கென்னடி? இதுல உன் பேரா இருக்கு?"

சொல்லி முடித்த உடனேயே அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துவிட முடியாதா என்று இருந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் குளமாகிக்கொண்டிருந்தது. நீ கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாய்.

"என் பேரு இல்லதான். ஆனா என் ஊசி இருக்கு லா. நல்ல காரியத்துக்குன்னு சொல்லித்தான் அத்தன பேரு கையிலயும் குத்துனேன்."

போட்ட தேநீரைக் குடிக்காமல் போய்விட்டாய்.

மூன்று வாரம் நாம் பேசவில்லை. பரிசோதனை முடிவுகளை மட்டும் அனுப்பினாய், வெறும் எண்கள். முன்பெல்லாம் எண்களுக்குக் கீழே, 'சாப்டியா' என்று ஒரு வரி இருக்கும். அது இல்லாதது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரிந்திருக்காது. ஆய்வேட்டில் வெந்தயத்தைப் பற்றிய பத்தியை எழுதி எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும், நான் பார்த்தேயிராத அந்தத் தம்பி மனைவி அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுவதுதான் கண்ணில் வந்தது.

காரைப் பட்டறையில் விட்டிருந்த நாள் அது. கொமுட்டர் ரயிலில் கிள்ளான் வந்து, பஸ் பிடித்துக் காப்பாரில் உன் வீட்டுக்கு வந்தேன். நீ வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"யார் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றேன்.

கையிலிருந்த துணியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய், இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து வந்தாய். "ஏறு."

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்கள்தான் என் வாழ்க்கையின் நல்ல சாயங்காலங்கள் என்று இப்போது தோன்றுகிறது. கிள்ளான், காப்பார், நடுவில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருந்த வீடுகள். உன் முதுகைப் பிடித்துக்கொண்டு நான். முதல் வீட்டில் நான், "பொடிய ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "சாப்பிட்டேன் மிஸ்" என்று உடனே பதில் வந்தது. வெளியே வந்ததும் நீ என் தலையில் தட்டினாய். "அப்படிக் கேட்டா யாருடி இல்லம்பாங்க?" அடுத்த வீட்டில் நீ கேட்டாய், "அந்தக் கசப்ப எப்படித்தான் முழுங்குனீங்களோ! மாசத்துல எத்தன நாள் விட்டுப்போச்சு ஆன்டி?" அந்த ஆன்டி எழுந்து போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து அந்த மாதத்தின் பிரிக்காத பொட்டலங்களை அள்ளிக்கொண்டு வந்தார். முந்தைய மாதங்களில் நமக்குக் கொடுத்த காலிப் பொட்டலங்கள், ஆய்விலேயே இருந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்கோடு சேர்த்துச் சாப்பிட்டுத் தந்தவையாம். அவர் இரண்டு மடங்கு சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் கிடந்திருக்கிறார். ஒழுங்காக, ஒரு நாள் விடாமல் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் நீ எழுந்து நின்று கும்பிடுவாய்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினேன். வெகுநேரம் தாள்களைப் புரட்டினார். "இன்னும் ஒரு வருஷம் ஆகும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வருடம் டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். கடைசியில் எழுதியது சின்ன முடிவுதான். ஒழுங்காக நடந்தவர்களுக்குப் பலன் இருந்தது. பொடி அதற்கு மேல் எதையாவது சேர்த்தது என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. அதை யாரும் செய்தியாகப் போடவில்லை. ஆய்விதழில் வந்த கட்டுரையில் என் பெயருக்கு அடுத்து உன் பெயர் வந்தது. அச்சான தாளைக் கொடுத்தபோது நீ முடிவைப் படிக்கவில்லை. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாய். அப்புறம், "முனியாண்டி அண்ணன் தம்பி பொண்டாட்டி மாத்திரை சாப்பிடுறாங்களாம், விசாரிச்சேன்" என்றாய்.

போன வருடம், மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். காலையில் வேலைக்குப் போன நீ மத்தியானம் இல்லை. காப்பார் வீட்டு வாசலில் கூட்டத்தோடு முனியாண்டி அண்ணனும் நின்றார். வயதாகிவிட்டது, ஆனால் இரண்டு காலும் அவரிடமே இருக்கின்றன. "அந்த மிஸ் குத்துனா வலிக்காதும்மா" என்றார்.

இப்போது நான் டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு ஆய்வு செய்கிறேன். வயதான பெண்களுக்கு வீட்டிலேயே செய்யும் உடற்பயிற்சி. வீடுகளுக்கு யாரையாவது அனுப்பிவிடலாம், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நானே போகிறேன். போன வாரம் ஓர் அம்மா எல்லா நாளும் பயிற்சி செய்ததாகச் சரி போட்ட தாளை நீட்டினார். நான் அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஐயாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். அவர் கணவர் படுக்கையில் கிடந்த கதை வந்தது. கதையோடு உண்மையும் வந்தது.

"நாலு வாரமா ஒண்ணுமே செய்யலம்மா. ஒங்க வேலை கெட்டுப் போகுமேன்னுதான் சரி போட்டேன்."

"கெட்டுப் போகாதும்மா. இப்ப செய்யலாமா?"

சமையலறை நாற்காலிகள் இரண்டைக் கூடத்தில் இழுத்துப் போட்டோம். கையை ஊன்றாமல் எழுந்து, நின்று, மறுபடி உட்கார வேண்டும். அவர் எண்ண, நானும் கூடவே செய்தேன். ஏழாவதில் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முடித்ததும் தாளில் அவருடைய சரிகளின் மேல் ஒரு கோடு இழுத்து, 'நான்கு வாரம் செய்யவில்லை. இன்று பத்து முறை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.