கணினிக் கடலில் குறையும் உப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் தலைசுற்றல் நின்றதா?

இங்கே நிஜக் கடல் மாதிரியே கணக்குப் போட்டு, கணினிக்குள் ஒரு கடலை ஓடவிட்டிருக்கிறோம். அதில் உப்பு மாறவே கூடாது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சமன்பாடுகளை வரிவரியாகப் பார்த்துவிட்டேன், பிழை அகப்படவில்லை. இந்த மென்பொருளை எழுதியவருக்குக் கடிதம் போட்டேன், அவரும் பதில் போடுவதில்லை. "எல்லாருக்கும் பொதுவா விட்ட மென்பொருள். யார் சட்டையைப் பிடிக்கிறது?" என்று பக்கத்து மேசைக்காரர் சிரிக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சும்மா சொன்னேன், பயப்படாதே.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரே? கேட்டால் "குறைச்சாச்சுடி" என்பாய். பிரஷர் பார்த்த சீட்டைத் தங்கையிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அதில் உன் முகமும் விழட்டும்.

இல்லாத கடலில் ஒரு சிட்டிகை குறைந்தாலும் எனக்குத் தெரிகிறது. உன் தட்டில் எவ்வளவு போட்டுக்கொள்கிறாய் என்றுதான் தெரியவில்லை.

இடைவேளை முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் மகள்