மூட்டை கொக்கியில் இருக்கும்போதே

அண்ணி,

அலமாரியை நகர்த்தியபோது அது சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. தக்காளிப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. மலை ஈரத்தில் ஓரமெல்லாம் உப்பிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். பூஞ்சை வாடைக்கு அடியில் அந்தத் தடித்த மார்க்கர் பேனாவின் நெடி இன்னும் இருப்பதுபோலத் தோன்றியது. மேலே மூன்று வேட்பாளர்கள், பக்கவாட்டில் மூன்று கேள்விகள், நடுவில் என் கையெழுத்தில் பதில்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு வரி மட்டும் குறுக்குக் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்தவனும் நான்தான். அடிக்க வைத்தது நீங்கள்.

மறுபடி தேர்தல் வந்துவிட்டது. ரிங்லெட்டிலிருந்து மேலே வரும் சாலை முழுக்கக் கொடிகள். அண்ணன் இரண்டு நாளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "டேய், அவ அட்ட எங்கடா?" அவருக்குக் கேட்காத இடது காதுப் பக்கம் நின்றுகொண்டு "தேடுறேன்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தேடவில்லை. நீங்கள் இல்லாமல் அதை எடுக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

இதெல்லாம் தொடங்கிய அன்று மீன் குழம்புக்குப் புளி கரைத்து வைத்திருந்தீர்கள். மீன் வாங்கப் போன அண்ணன் வரவில்லை. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்தில் தண்ணீர் பம்பு களவு போயிருக்கிறது. வெள்ளைத் தொப்பி, பழைய மோட்டார், இந்தியர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் அண்ணனுக்குப் பொருந்தின. சாலையிலேயே போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒரு பாலாய்க்குப் போனால் இங்கே இல்லை என்றார்கள், இன்னொரு பாலாய்க்குப் போனால் அங்கே கேள் என்றார்கள். எந்தப் போலீஸ் நிலையத்தில் இருக்கிறார் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நான்காம் நாள் விட்டார்கள். ஆள் மாறிப் போச்சாம். காதிலிருந்து சீழ் வந்துகொண்டிருந்தது. வலது கையின் மூன்று விரல்கள் மடங்கவில்லை. புகார் கொடுத்தோம். புகாரை விசாரித்ததும் அவர்களேதான். 'தவறி விழுந்ததால் ஏற்பட்ட காயம்' என்று ஒரு தாள் வந்தது.

நான் எதையும் மறக்கிறவன் அல்ல. "ஏதாச்சும் பண்ணாமலா மாத்தா புடிப்பான்?" என்று போலீஸுக்குப் பரிந்து தோட்ட லயத்தில் யார் யார் சொன்னார்கள் என்பது எனக்கு வீடு வாரியாகத் தெரியும். போலீஸ்காரன் மேல் இருந்த கோபத்தைவிட அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். இன்றுவரை அந்த வீடுகளின் விசேஷத்துக்கு நான் போவதில்லை. நீங்கள் போனீர்கள், அதுவும் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு. எல்லோருக்கும் மேலாக ஒருவன் இருந்தான். என்னோடு ஆறாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், அப்போது கட்சிக் கிளைத் தலைவன். உதவி கேட்டுப் போனபோது, "பெருசு பண்ணாதீங்கலா, எஸ்டேட்டுக்கே கெட்ட பேரு" என்றான். அடுத்த தேர்தலில் அவனே வேட்பாளராக வந்து நின்றான்.

அந்தத் தேர்தலில்தான் நீங்கள் தேயிலைக் கொழுந்து எடை போடும் முறையை வேட்பாளர்கள் மேல் பிரயோகித்தீர்கள். வேறு எப்படிச் சொல்வது?

முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் நீங்கள். மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் நிறுக்கிறவர் எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பறித்தவர் முள்ளைப் பார்த்துவிட்டு "சரி" என்றால்தான் புத்தகத்தில் ஏறும். அதற்கு முன் மூட்டை இறங்கக் கூடாது. இறங்கிய மூட்டைக்கு யார் சொன்ன எடையும் எடைதான். அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை. புதிதாக வந்த பங்களாதேஷ் ஆட்களுக்கு மொழி தெரியாவிட்டாலும், கொக்கியைக் காட்டி "சரி, சரி" என்று அந்த ஒரு தமிழ் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்தான்.

"வர்றவங்க எல்லாரும் போலீஸ் விஷயத்துல நாங்க இருக்கோம், நாங்க இருக்கோம்னுதானே சொல்றாங்க," என்றீர்கள். "மூணு பேர்கிட்டயும் ஒரே கேள்வி கேப்போம். சொன்னத அங்கயே எழுதி, அங்கயே வாசிச்சுக் காட்டுவோம். ஆமான்னு சொல்லட்டும். அப்புறம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

முதல் இரண்டு கேள்விகளை நான் எழுதினேன். போலீஸ் மீதான புகாரைப் போலீஸ் அல்லாத ஆணையம் விசாரிக்க வேண்டும், தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரமும் அதற்கு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா? லோக்கப்பில் கேமரா வைத்தால் அந்தப் படத்தைக் குடும்பம் பார்க்க முடியுமா? இவற்றை எழுதிவிட்டுக் கொஞ்சம் பெருமையாகத்தான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மூன்றாவதைச் சொன்னீர்கள்: "ஆளப் புடிச்சா எத்தன மணி நேரத்துல வீட்டுக்குச் சொல்லுவீங்க?" பல்கலைக்கழகம் வரை போன எனக்கு அது தோன்றவில்லை. கரைத்த புளியை மூன்றாம் நாள் கொட்டியவருக்குத் தோன்றியது.

ஆளுங்கட்சி வேட்பாளர், டத்தோ பட்டம் வாங்கியவர், முதலில் வந்தார். கோயில் மண்டபத்தில் வழக்கம்போல மேளம், பொன்னாடை, மாலை. நீங்கள் மாலைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றீர்கள்.

"டத்தோ, மாலை ரெடி. மூணு கேள்வி இருக்கு. பதில் வந்ததும் போட்டுடறோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். டத்தோவும் சிரித்தார். "ஆணையம் கீணையம் எல்லாம் மேலிடம் பாக்கும்மா. நம்ம அரசாங்கம் கைவிடாது."

"எழுதுங்க தம்பி. 'மேலிடம் பாக்கும்.'" நான் எழுதினேன், சத்தமாக வாசித்தேன். "சரியா டத்தோ?"

"எம்மா, இதப் போயி எழுதணுமா?"

"மூட்ட கொக்கியில தொங்குது டத்தோ. நீங்க சரின்னாத்தான் இறக்குவேன்."

அதற்குள் மண்டபம் அடங்கிவிட்டது. பெண்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தராசு முள்ளைப் பார்ப்பதுபோல. "சரி, சரி," என்றார் டத்தோ. உடனே மாலையைப் போட்டீர்கள். பதில் உருப்படியில்லை, மாலை ஏன் என்று பிறகு நான் கோபப்பட்டேன். "நின்னு கேட்டாரில்ல? அதுக்கு," என்றீர்கள்.

அடுத்த வேட்பாளர், கோலாலம்பூரிலிருந்து வந்த லாயர், முதல் இரண்டு கேள்விக்கும் அரைமணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. ஆணையம் வேண்டும், அதிகாரம் வேண்டும், கேமரா வேண்டும். மூன்றாவதற்கு, "சட்டப்படி உடனடியா சொல்லணும்," என்றார்.

"உடனடின்னா எத்தன மணி நேரம் ஐயா?"

"அது... சூழ்நிலையப் பொறுத்து."

'உடனடி. மணி சொல்லவில்லை' என்று எழுதி வாசித்தேன். அவருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனாலும் "சரி" என்றார்.

என் பழைய பெஞ்சுக்காரன் கடைசியாக வந்தான். கொட்டும் மழையில், கார் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினான். அட்டை மண்டபத்துக்குள் இருந்தது. "நீங்க போங்க, நான் எழுதிக்கறேன்," என்று நானே சொன்னேன். கார் போனது. நான் உள்ளே போய் எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மூட்டையை இறக்கிவிட்டு எடை எழுதினேன்.

அன்று சாயங்காலம் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தீர்கள். அவன் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"'தெளிவாகச் சொல்லவில்லை.' தம்பி, இது அவரு சொன்னதா, நீங்க சொன்னதா?"

"அவன் என்ன சொன்னாலும் அர்த்தம் இதுதான் அண்ணி."

"நானும் மழையில நின்னேன். கட்சி ஒத்துக்கலன்னாலும் நான் கை தூக்குவேன்னு சொன்னாரு. படத்தக் குடும்பத்துக்குக் காட்டணும்னாரு. ஆறு மணி நேரத்துக்குள்ள வீட்டுக்குச் சொல்லணும்னாரு."

"நம்ம வீட்டுக்கு நடந்தப்ப எங்க போச்சு அந்தக் கை?"

நீங்கள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டீர்கள். "இலை ஈரமா இருக்குன்னு நிறுக்கறவன் அவனா ரெண்டு கிலோ கழிச்சா நீங்க விடுவீங்களா?" விரலை எடுக்காமலே தொடர்ந்தீர்கள். "உங்க அண்ணன் விழுந்துட்டாருன்னு ஒருத்தன் தாள்ல எழுதினான் பாருங்க. அவனும் இப்படித்தான். நடந்தது ஒண்ணு, அவன் மனசுல இருந்தத எழுதினான்."

வாழ்க்கையில் என்னை யார் யாரோ அவமானப்படுத்தியிருக்கிறார்கள். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி மூன்று முறை வேறு ஆளுக்குப் போயிருக்கிறது. அவர்களில் ஒருவரையும் நான் மன்னிக்கவில்லை. நீங்கள் சொன்னது அவை எல்லாவற்றையும்விட ஆழமாக இறங்கியது. உங்கள் மேல் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுநாள் கோலா தெர்லாவில் அவனுக்குச் செராமா, பிரச்சாரக் கூட்டம். வீட்டிலிருந்தே கோடு போட்டுத் திருத்திக்கொள்கிறேன் என்றேன். முடியாது என்றீர்கள். "அவரு முன்னாடி வாசிக்கணும்." என் மோட்டாருக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டையை அணைத்துக்கொண்டு வந்தீர்கள். எதிரே காய்கறி லோரி வரும்போதெல்லாம் காற்று அட்டையைப் பிடித்து இழுத்தது, மோட்டார் ஆடியது. "தம்பி, நம்ம ரெண்டு பேரையும் பறக்க விட்டுடாதீங்க. அட்ட போனா போகுது, புடவ புதுசு," என்று பின்னாலிருந்து சிரித்தீர்கள்.

கூட்டம் தொடங்குமுன் அவனிடம் போனோம். நான் எழுதியதை வாசித்தேன். அவன் முகம் மாறியது. "நான் அப்படிச் சொல்லலயே," என்றான்.

"தெரியும். தப்பா எழுதிட்டேன்." அவன் முன்னால், அத்தனை பேருக்கு நடுவில், அதைச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன், வாசித்தேன்.

அவன் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு உங்க வீட்டுக்கு நான் வந்திருக்கணும்," என்றான், உங்களைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல.

"அது கேள்வியில இல்லைங்க," என்றீர்கள். "இதுக்கு மட்டும் சொல்லுங்க. சரியா?"

"சரி."

ஜெயித்தது டத்தோதான். இதற்கு நான் ஆச்சரியப்படவில்லை; இந்த மலையில் ஓட்டுக்குக் கொடுக்கும் அரிசிப் பைக்கு இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் அட்டை ஓட்டு நாள் வரை மண்டபச் சுவரில் இருந்தது. ஒருவர் பதிலை இன்னொருவர் பதிலருகே வைத்துச் சனங்கள் படித்தார்கள். "மாத்தா சும்மா புடிப்பானா" என்று சொன்ன வீட்டுக்காரர் ஒருவர் மூன்றாவது கேள்வியின் முன் வெகுநேரம் நின்றதை நான் பார்த்தேன். கோலா தெர்லா பூத்தோட்டக்காரர்கள் சீனத்தில் ஒரு அட்டை எழுதி மாட்டினார்கள். அவர்கள் கேட்டது நில லைசென்ஸ் பற்றி. கேள்வி அவர்களுடையது. வாசித்துக் காட்டிச் சரி வாங்கும் முறை உங்களுடையது. அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வருடம் நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பெஞ்சுக்காரன் மறுபடி வந்தான். இந்த முறை வேறு கொடி, கொஞ்சம் தொப்பை. அண்ணன் மண்டபத்தில் முன் நாற்காலியில் வலது காதை அவன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார், மடியில் மாலைத் தட்டு. நான் புதிய அட்டையோடு நின்றேன். பழையதைப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

"ஆணையத்துக்குக் கொஞ்சம் டைம் குடுக்கணும்," என்றான். கை தூக்குவீர்களா என்றேன். பழைய அட்டையை ஓரக்கண்ணால் பார்த்தான். "கட்சி முடிவு பண்ணும்." எனக்குள் ஏதோ குதித்தது அண்ணி. இத்தனை வருடம் கழித்து அவன் அகப்பட்டான். படத்தைக் குடும்பத்துக்குக் காட்டணும் என்றான், அது பழைய பதில். மூன்றாவதற்கு, "ஆறு மணி நேரம். அதுல மாத்தம் இல்ல," என்றான். அந்த வரியை எழுதும்போது பேனா நின்றது. ஆறு மணி நேரம் என்பதோடு நிறுத்தினால் போதும், 'மாத்தம் இல்ல' என்பதை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் வந்தது. இரண்டே வார்த்தை. இரண்டு கிலோ.

முழுதாக எழுதினேன். சத்தமாக வாசித்தேன். அவன் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றீர்களே, தனக்குப் பக்கத்தில் தானே நிற்பது அவனுக்கும் தெரிந்தது.

"சரியா?" என்று கேட்டேன். உங்கள் குரலின் அளவுக்கு என் குரல் மென்மையாக இல்லை.

"சரி," என்றான்.

அண்ணன் மடங்காத விரல்களால் தட்டை நீட்டினார். அந்த மாலையை யார் போடுவது என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, இனியும் மாட்டேன். ஆனால் அவன் நின்றான், தான் சொன்னதைத் தன் காதால் கேட்டான்.

மாலையை நான்தான் போட்டேன், அண்ணி. நேராகப் போட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஒரு பக்கமாகச் சரிந்தது.