மாடிக் குழாயில் கைலி

ராஜபாளையம், ஐப்பசி 12, இரவு

படுக்கையறையில் மழை ஒழுகுகிறது. பார்ப்பதற்கு மம்சாபுரத்துக் கொத்தனாரை வரச்சொல்லியிருந்தேன். புது ஆள், எங்கள் வீட்டு விவரம் எதுவும் அவருக்குத் தெரியாது. மொட்டைமாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் இறங்கும் குழாய்க்குள் கையை விட்டு ஒரு துணியை உருவினார். என் வீட்டுக்காரரின் நீலக்கட்டம் போட்ட கைலி.

"ஒழுக்கு பாக்கதுக்குத் தண்ணி கட்டுனியளாக்கா?"

"ஆமா, அவிய அடைச்சது."

"பாத்த பொறவு துணிய எடுத்துரணும்ல. இம்புட்டுத் தண்ணி நின்னா தளம் தாங்குமா? அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க."

"சொல்லுதேன்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் காலை என் வீட்டுக்காரர் இந்தக் கைலியால் குழாயை அடைத்து, மாடியில் தண்ணீரை நிரப்பிவிட்டு, "சாயங்காலம் பாப்போம்" என்று கீழே வந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அதன் பிறகு இன்றுதான் நான் மாடிக்குப் போனேன்.

கைலியை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். மாடியில் தண்ணீர் வடிந்துவிட்டது. நாளைக்குப் பூச வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் சொல்வதாகச் சொன்னேன், சொல்கிறேன்: ஒழுக்கு உங்கள் தலையணைக்கு நேர் மேலேதான் இருக்கிறது.