அம்மாவைப் பற்றி வகுப்பில் சொன்னது

நவம்பர் 12, செவ்வாய்

இன்று என் உரை முடிந்ததும் எல்லோரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அமெரிக்க நாவல்களைப் பற்றிப் பேசினேன். அவற்றில் ஏழைகள் பிறப்பும் சூழலும் இழுத்த பக்கம் விலங்குகளைப் போலப் போகிறார்கள் என்று விளக்கினேன். பாதியில் எல்லோரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். உடனே தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். "என் அம்மா இருபது வருடமாக இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விரல்கள் மடங்காது. யோசிக்கவே மறந்துவிட்டாள்." எல்லோரும் நிமிர்ந்தார்கள். பேராசிரியையின் கண் கலங்கியது.

விரல்கள் மடங்காதது உண்மை. யோசிக்க மறந்துவிட்டாள் என்றது பொய். கையுறை தராத மேலாளருக்கு எதிராக ஒன்பது பெண்களிடம் கையெழுத்து வாங்கியவள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும், "என்ன கதைச்சனீ பிள்ளை? எனக்கும் சொல்லன்" என்றாள். அவளைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டு, நாவல்களை மட்டும் சொன்னேன். உருளைக்கிழங்கைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கதையளில வாற பொம்பிளையள் ஒருத்தரும் திருப்பிக் கதைக்கேல்லையோ?"

"இல்லையம்மா."

"எழுதின ஆள் அவையளிட்டக் கேட்டிருக்கமாட்டார்."

சாப்பிட்டதும் என் அறைக்கு வந்தேன். அடுத்த வகுப்பில் திருத்திச் சொல்ல இடம் தரும்படி பேராசிரியைக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருமுகிறாள், விழித்துத்தான் இருக்கிறாள். எழும்பிப் போய்ச் சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.